தொண்ணூற்றாறு பைகள்

பெர்க்மான்ஸின் வாயிலிருந்து முதல் காசு விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போன பதினோராம் நாள், அவர் மனைவி எமரன்சியா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது. ஓரமெல்லாம் பூவிதழாய் வளைந்த பழைய பத்துக் காசு, கிண்ணத்தில் விழுந்து, அலுமினியமாயிற்றே மிதக்கலாமா என்று ஒரு நொடி யோசித்து, பிறகு மூழ்கியது. "கண்டதையும் எடுத்து வாயில போடுதீகளே, பச்சப்புள்ளையா நீங்க?" என்று அவள் அதட்டிக் காசை முந்தானையில் துடைக்கும்போது, அவர் இடது கையால் அதைப் பிடுங்கி மறுபடி நாக்கில் வைத்துக்கொண்டு, திருச்செந்தூர் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராகக் கத்திய அதே குரலில், "தண்ணி" என்றார். அவள் தண்ணீர் கொடுத்தாள். தாகத்தில் இருக்கிற மனுஷனிடம் காசு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது நியாயமில்லை.

அன்றிலிருந்து அப்படித்தான். அவருக்குள் மாட்டிக்கொண்டிருந்த சொல் ஒன்று கழன்று காசாகி விழும். விழுந்த காசை நாக்கில் வைத்தால் சொல் வரும், எடுத்துவிட்டால் போய்விடும். முள்ளக்காடு விழுந்தது, பழையகாயல் விழுந்தது, முக்காணி விழுந்தது, ஆத்தூர் விழுந்தது, ஆறுமுகநேரி விழுந்தது, பஸ் போகிற வரிசையிலேயே ஒரே மத்தியானத்தில் ஊர்கள் எல்லாம் சதுர அஞ்சு காசுகளாகத் தலையணையில் விழுந்து அடுக்கிக்கொண்டன. "பசி" ஓர் அறுகோண மூன்று காசாக விழுந்தது. "சில்லறை" என்ற சொல் மட்டும், வேடிக்கையைப் பாருங்கள், தொண்டையை அடைத்துக்கொண்டு, பெரிய ஒரு ரூபாயாக விழுந்தது.

தெரு இதை மூன்று நாளில் பழகிக்கொண்டது. தூத்துக்குடியில் கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு எது எங்கிருந்து வந்து கரையில் விழுந்தாலும் முதலில் அதை எதில் பிடிப்பது என்றுதான் தோன்றும். எதிர்வீட்டு டெல்பினக்கா ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்து பெர்க்மான்ஸின் தாடைக்குக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி எமரன்சி, எங்க வீட்டுக்காரரு வாயில இருந்து சாராய வாடையத் தவிர ஒண்ணும் வந்ததில்ல. உனக்குக் காசு வருது. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்திட்டு அள்ளு."

"எல்லாம் செல்லாக்காசு அக்கா."

"ஏன், கட்டிக்கிட்டப்ப மட்டும் அவரு செல்லுற காசா இருந்தாராக்கும்?"

பங்குச்சாமி வந்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், "புதுமைன்னும் சொல்ல வேண்டாம், பேய்னும் சொல்ல வேண்டாம், சளின்னு நெனச்சுக்கோங்க" என்று மந்திரித்துவிட்டுப் போனார். டிப்போவிலிருந்து பழைய டிரைவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அண்ணன் கடைசியில் பாக்கிச் சில்லறையைத் தருகிறார் என்று சிரித்து, வெளியே போய் அழுதார்கள். டெல்பினக்காவின் வெள்ளாடு "நாளைக்கு" என்ற காசை விழுங்கிவிட்டு இரண்டு நாள் தெருவெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று கத்திக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் காலை எமரன்சியா குச்சியும் கையுமாக ஆட்டின் பின்னால் நின்று அந்தச் சொல்லை மீட்டாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆட்டைக் கட்டிப்போடாததற்காக டெல்பினக்காவைத் திட்டினார்கள், அவ்வளவுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. காசுகளை எல்லாம் அவள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். ஒரு சொல் வேண்டுமானால் பெர்க்மான்ஸ் பாட்டிலைக் கட்டிலில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, முக்காணி, சட்டை, வெள்ளிக்கிழமை, ரைட், சுண்ணாம்பு என்று சொல்லிச் சொல்லித் துப்பி, தேவையானதைத் தேட வேண்டும். அவளோ ஒரு மனுஷன் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாதவள். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவர் ஆரம்பித்த பேச்சில் பாதியை அவள்தான் முடித்திருக்கிறாள். ஒரு நாள் அவர் நாற்பது காசு வரை தேடினார். என்ன வேண்டும், ரேடியோவா, ஃபேனா, கால் பிடிக்கணுமா, சீக்கிரம் சொல்லுங்க அடுப்புல கொழம்பு கெடக்கு என்று அவள் தலைமேல் நின்றாள். நாற்பத்தோராவது காசில் "ஒண்ணுக்கு" என்று அவர் சொன்னபோது படுக்கை நனைந்து முடிந்திருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுவதற்குச் சொல் வேண்டியதில்லை. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு படுக்கையை மாற்றியபோதுதான் எமரன்சியாவுக்குப் புரிந்தது: சொற்கள் கையில் இருந்தால் போதாது, கைக்கு எட்டுகிற இடத்தில், பார்த்த உடனே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மனுஷன் உயிரோடு இருக்கும்போதே இவரை இழந்துவிடுவோம்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சதக்கத்துல்லா பாய் என்கிற காயல்பட்டினத்துக்காரர் தபால்தலை, பழைய நோட்டு, காசு எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தார்.

"புதுசா சேக்க ஆரம்பிச்சிருக்கீகளா தங்கச்சி?"

"நான் எங்க சேக்கேன், வீட்டுல விழுது. இருநூத்திப் பதிமூணு இருக்கு. எங்கிட்ட அறுநூறு ரூவாதான் இருக்கு. அதுக்குள்ள ஒரு ஆல்பம் காட்டுங்க."

பாய் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று தோல் மாதிரி அட்டை, ஒவ்வொரு காசுக்கும் தனி டப்பி, விலை மூவாயிரம். அதை அவரே உடனே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இன்னொன்று வளையம் போட்ட சாதா அட்டை, கண்ணாடி மாதிரி விறைப்பான ஐந்து தாள், தாளுக்கு இருபத்துநாலு பை, எழுநூற்றைம்பது. மூன்றாவது, பளபளவென்று நீல அட்டை, குழந்தைக் கன்னம் மாதிரி மெத்தென்ற தாள்கள், இருநூற்று நாற்பது பை, இருநூற்று எண்பது ரூபாய்.

"இருநூத்தி நாப்பது பை!" என்றாள் எமரன்சியா. "எண்ணி வச்ச மாதிரி இருக்கே. இதையே கொடுங்க."

"ஆரம்பத்துல எல்லாரும் பையத்தான் எண்ணுவாங்க தங்கச்சி. எண்ணக் கூடாது, மோந்து பாக்கணும். இதுல மழைக்கோட்டு வாடை வருதுல்ல? இது உப்புக்காத்து ஊரு, இந்தக் கொழகொழ பிளாஸ்டிக்குல காசு கெடந்தா..."

"நான் பொறந்ததே உப்புக்காத்துலதான் பாய். எனக்கென்ன பாசியா புடிச்சிருக்கு?"

"இல்ல, கழுவுறதப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், காச எப்பவும்..."

"கழுவத் தெரியாமலா நான் குடும்பம் நடத்துறேன்? பில்லப் போடுங்க, பஸ்ஸு போயிரும்."

அவள் கான்வென்ட்டில் படித்தவள். அட்டையில் பிரீமியம் குவாலிட்டி என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டாமல் படித்தாள், படித்ததை நம்பினாள்.

ஆல்பம் வந்த பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் பேச்சு இருந்தது. முதல் தாள் உடம்புக்கு: தண்ணி, பசி, வலி, ஒண்ணுக்கு. இரண்டாம் தாள் ஆட்களுக்கு: திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் ரோஸ்லின் பெயர் நடுப்பையில். பஸ் போகிற ஊர்கள் தனியாக, கிழமைகள் தனியாக, வசவுக்கு ஒரு ஓரத்தில் இரண்டே பை, அவர் அவ்வளவு சாது. பெர்க்மான்ஸ் தாளைப் புரட்டுவார், காசை எடுப்பார், சொல்லுவார், துடைத்து அதே பையில் செருகுவார், அடுத்ததை எடுப்பார். ஒரு வாக்கியத்துக்குள் இட்லி வெந்துவிடும். ஆனாலும் வாக்கியம் வந்தது. "இன்னைக்கு... மீனு... நல்லாருக்கு" என்று அவர் சொன்னதைத் தெருவே கேட்டுக் கைதட்டியது.

ஐப்பசி மழை பிடித்ததும் தாள்கள் வேர்க்க ஆரம்பித்தன. ஆல்பத்தைத் திறந்தால் நனைந்த மழைக்கோட்டு வாடை. காசுகளின் மேல் பிசுபிசுவென்று ஒரு பச்சை, முதலில் ஓரத்தில் புள்ளியாக, பிறகு பூவாக, பிறகு முகம் தெரியாமல். பச்சை பிடித்த காசை நாக்கில் வைத்தால் சொல்லும் பச்சை பிடித்துத்தான் வந்தது: தண்ணி பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ரோஸ்லின் என்ற பெயர் வாயில் துணி அடைத்தவன் கூப்பிடுகிற மாதிரி வந்தது. நாளுக்கு நாள் மங்கியது. எமரன்சியா பயந்தாள். பயந்தவளுக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைச் செய்தாள்.

மாதா சபையில் வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் கோயில் விளக்குத்தண்டுகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குகிறவள் அவள்தான். அவள் துலக்கினால் தண்டில் முகம் பார்த்து நெற்றியில் பொட்டு வைக்கலாம். சபைப் பெண்கள் எட்டுப் பேரை வரச் சொன்னாள். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள், பழம்புளியைக் கரைத்தார்கள், தேங்காய் நாரை எடுத்தார்கள், டெல்பினக்கா ஜெபமாலையைத் தொடங்க, ஒரு ஜெபமணிக்கு ஒரு காசு என்று தேய்த்தார்கள், தேய்த்தார்கள், அப்படித் தேய்த்தார்கள். உள்ளே கட்டிலில் பெர்க்மான்ஸ் கையில் மிஞ்சியிருந்த ஒரே காசை நாக்கில் வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்றார். "வேண்டாம், வேண்டாம்" என்றார்.

"சும்மா இருங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றாள் எமரன்சியா.

மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு காசும் அச்சடித்த அன்று இருந்ததைவிட அதிகமாக மின்னின. அவள் பெருமையோடு தண்ணியின் பத்துக் காசை எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். அவர் முகம் புளிப்பில் சுருங்கியது. ஒன்றும் வரவில்லை. பசியை வைத்தாள், வலியை வைத்தாள், மகளை வைத்தாள், முள்ளக்காட்டிலிருந்து திருச்செந்தூர் வரை ஒவ்வொரு நிறுத்தத்தையும் வைத்தாள். பச்சையோடு சேர்த்துச் சொல்லையும் தேய்த்து எடுத்திருந்தார்கள். சபைப் பெண்கள் நார்க்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அதன் பிறகு அவரிடம் இருந்தது "வேண்டாம்" ஒன்றுதான். கஞ்சி கொடுத்தால் வேண்டாம், மாத்திரை கொடுத்தால் வேண்டாம், போர்வை, பங்குச்சாமி, மகளின் போன், எல்லாவற்றுக்கும் வேண்டாம். உண்மையாகவே வேண்டாமா, இல்லை வேண்டும் என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு சொல்தான் மிச்சமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று டெல்பினக்கா சொன்னாள். அவர் கண்ணைக் கொடுக்கவில்லை. மூன்று நாளில் கழுத்தெலும்பு குழி விழுந்தது. கரண்டி வாய்க்குப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டார். காசுகளையாவது அவள் கழுவிக் கெடுத்தாள், இந்த மனுஷன் தன்னைத் தானே கழுவிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தது.

நான்காம் நாள் அவள் தரையில் உட்கார்ந்து, பளபளக்கிற காசுகளை ஒவ்வொன்றாகத் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தாள், எதிலாவது ஒரு எழுத்தாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று. நூற்றுச்சொச்சம் காசுக்குப் பிறகு பொறுமை போயிற்று. வாய்க்குள் காசோடு, யாரை என்று தெரியாமல், தன்னையேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், "கழுதை!" என்று கத்தினாள். காசு சூடானது. துப்பிப் பார்த்தால் மினுமினுப்புப் போய், சந்தையில் இருபது வருஷம் புழங்கிய காசு மாதிரி மங்கியிருந்தது. அவள் அதை அவர் உதடுகளுக்கு நடுவே திணித்தாள்.

"கழுதை!" என்றார் பெர்க்மான்ஸ். அச்சு அசல் அவளுடைய குரலில், அவளுடைய எரிச்சலோடு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து கஞ்சிக்குக் காட்டினார்.

அன்று சாயங்காலம் டெல்பினக்காவின் ஆடு முருங்கைக்கன்றைத் தின்றபோது அவள் வழக்கம்போலத் திட்ட வாயெடுத்தாள்; சொல் இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த இடம் மாதிரி காலியாக இருந்தது. கொடுத்தால் போய்விடும் என்று புரிந்தது. சொற்களை இஷ்டத்துக்குச் செலவழித்தே பழகிய வாய், முதல் முறையாகப் பயந்து மூடியது.

மறுநாள் அவள் பாய் கடைக்கு முன்னால் நின்றாள். "சொல்லுங்க பாய்" என்றாள். "அன்னைக்கு விட்ட எடத்துல இருந்து சொல்லுங்க. நான் பேசல."

பாய் விறைப்புத் தாள்களை எடுத்து முன்னால் வைத்தார். "கையில எவ்வளவு இருக்கு?"

"நானூறு."

"அப்ப அட்டை வேண்டாம். காச அட்டை காப்பாத்தாது, தாளுதான் காப்பாத்தும். இந்த விறைப்புத் தாளு ஒண்ணு நூறு ரூவா, நாலு வாங்கிக்கோங்க, அட்டைய வீட்டுலயே தச்சிருங்க. பை இறுக்கமா இருக்கணும், வாயி மேல பாத்திருக்கணும். காச ஓரத்துல புடிங்க. நாக்குல இருந்து எடுத்ததும் மெல்லுசுத் துணியால ஒத்துங்க, தேய்ச்சிராதீக. ஆல்பத்த நிக்க வச்சு வைங்க, பக்கத்துல போர்டுல எழுதுற சாக்குக்கட்டி ரெண்டு போட்டு வைங்க, ஈரத்த அது குடிச்சிக்கிடும்." அவர் நிறுத்தி நிறுத்தி, வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார். அவள் கடைசிவரை நின்றாள்.

"நாலு தாளுன்னா தொண்ணூத்தாறு பை. தொண்ணூத்தாறு சொல்லு ஒரு ஆளுக்குப் போதுமா பாய்?"

"எங்க வாப்பா அதுக்குக் கொறவாத்தான் பேசுவாரு" என்றார் பாய். "ஊருல நல்ல பேரு."

அவருடைய பழைய காக்கிச் சட்டையை வெட்டி அட்டை தைத்தாள். பிறகு கொடுக்க உட்கார்ந்தாள். முதல் தாள் கஷ்டமில்லை. வசவில் அவளுக்குப் பஞ்சமா? மூதேவி, கட்டையில போறவன், கூறுகெட்டது, தண்டச்சோறு என்று இருபத்துநாலு பையும் ஒரே மூச்சில் நிரம்பின. வாழ்நாளெல்லாம் ரெண்டே வசவோடு காலம் தள்ளிய மனுஷன் கட்டிலில் கிடந்தபடி பால்காரனை மனைவியின் குரலில் கிழித்தெடுத்தார், தெரு ஒரு வாரம் சிரித்தது. "ஏட்டி, யாரு எமரன்சி யாரு பெர்க்மான்ஸுன்னே தெரியலையே" என்றாள் டெல்பினக்கா. ஆனால் வசவைக் குடித்துத் தாகம் தீருமா? இரண்டாம் தாளில் அவள் தண்ணியைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு லாரி வரும்போது குடத்தைத் தட்டிக் காட்டித்தான் கேட்டாள். பசியைக் கொடுத்தாள், வலியைக் கொடுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், இன்னது என்று சொல்ல முடியவில்லை. ஆமெனைக் கொடுத்தாள், கோயிலில் எல்லாரும் முடித்த பிறகும் அவள் ஜெபம் மட்டும் முடியாமல் நின்றது. மூன்றாம் தாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மகளின் பெயரைக் கொடுத்தாள். போனில் அதைக் கேட்ட பெண், "அம்மா, அப்பா உன் குரல்ல கூப்பிடுதாங்கம்மா" என்று விம்மினாள். "ஆமா மகளே" என்றாள் இவள், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல். பாதி வாக்கியத்தில் அவள் வழியில்லாமல் நிற்பாள். தெரு அவளுக்காக முடித்துவைக்கும், முக்கால்வாசி தப்பாக. ஆத்திரமாக வரும். ஆத்திரத்தைக் காட்டவும் சொல் இல்லை.

மார்கழியில் நான்காம் தாளின் கடைசிப் பை மட்டும் மிஞ்சியது. அதில் என்ன போடுவது என்று அவள் பல நாள் யோசித்தாள். கையிருப்பில் மிஞ்சியதெல்லாம் அவள் பிழைக்கத் தேவையான சொற்கள்: அரிசி, எவ்வளவு, பஸ், டாக்டர். ஒன்றைக் கொடுத்தாலும் இவரைப் பார்த்துக்கொள்ள முடியாது. அவரோ அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் முதல் தாளிலிருந்துதான் ஏதாவது ஒரு வசவை எடுக்க வேண்டியிருந்தது; அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குத் தட்டியது. தன் பெயர் தனக்கு எதற்கு? யாரும் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வதில்லை. தாமரை போட்ட இருபது காசை எடுத்து நாக்கில் வைத்து, ஒரு தடவை, மெதுவாக, தன் பெயரைச் சொல்லி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை வாயில் போடவில்லை. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டுத் தானே பையில் செருகினார்.

நாலு நாள் கழித்து அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. டெல்பினக்காவின் மருமகன் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தான். மடியில் காக்கி ஆல்பம். சீட்டுப் போடுகிற இடத்தில் வரிசை வாசல் வரை நின்றது. அவள் முறை வந்தது. நோயாளி பெயர் சொன்னாள், வயது சொன்னாள், தெரு சொன்னாள்.

"கூட இருக்குறவங்க பேரு?" என்றாள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பெண்.

எமரன்சியா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"உங்க பேருதாம்மா. பேரு தெரியாதா?"

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "ஏம்மா, நேரமாகுதுல்ல, பேரச் சொல்லிட்டு நகருங்க." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சீட்டு இல்லாமல் அவரை உள்ளே விட மாட்டார்கள், அவர் மூச்சோ விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது, அவளிடம் அந்தப் பெயரில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. வரிசை முணுமுணுத்தது. இடது கை மட்டுமே விளங்குகிற மனுஷன் இறுக்கமான பையிலிருந்து ஒரு காசை ஓரத்தைப் பிடித்து எடுக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமாயிற்று.

"எமரன்சியா" என்றார் பெர்க்மான்ஸ்.

ஆல்பத்தில் மற்ற தொண்ணூற்றைந்து சொல்லும் அவள் குரலில்தான் வரும். இதை அவள் ஒருநாளும் யாரையும் கூப்பிடவும் அதட்டவும் சொன்னதில்லை. அதனால் காசில் அவளுடைய குரல் ஏறியிருக்கவில்லை. அவருடைய குரலிலேயே வந்தது, மூச்சுத் திணறினாலும் பின்படிக்கட்டு வரைக்கும் கேட்கிற அந்தக் கண்டக்டர் குரலில்.

வரிசை திரும்பிப் பார்த்தது. கம்ப்யூட்டர்காரப் பெண் நிமிர்ந்தாள். "சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்கம்மா."

அவர் காசை வெளியே எடுத்திருந்தார், துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார், திரும்ப வைக்க வேண்டும், நேரமாகும். பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். எமரன்சியா அவசரப்படவில்லை. கம்பியில் சாய்ந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, காத்திருந்தாள்.